கார் சாவி தொலைஞ்சா ஷோரூமா, வெளிக்கடையா?

வழிப்போக்கன்
வணக்கம். என்கிட்ட இருக்கிறது செகண்ட் ஹேண்டில் வாங்கின கார். வாங்கும்போது ரெண்டு சாவி கொடுத்தாங்க. அதுல ஒண்ணு போன வாரம் கைப்பையோட தொலைஞ்சு போச்சு. மடக்கு சாவி, அதிலேயே லாக், அன்லாக் பட்டன் இருக்கும். சாவியைத் திருப்பித்தான் ஸ்டார்ட் பண்ணணும்.

சர்வீஸ் சென்டர்ல கேட்டா, "வண்டி, வண்டிப் பேப்பர், உங்க அடையாள அட்டை, மீதி இருக்கிற சாவி எல்லாம் கொண்டு வாங்க. சாவியை ஆர்டர் போட்டு வரவழைக்கணும். லாக் செட்டையும் மாத்திட்டா நல்லது"ங்கிறாங்க. சாவி போடுற கடையில, "வண்டி எதுக்கு? இருக்கிற சாவியை மட்டும் கொண்டாங்க, உட்கார்ந்திருக்கும்போதே முடிச்சுத் தர்றேன்"ங்கிறார். செலவு மலைக்கும் மடுவுக்குமா இருக்கு. எங்கே போறது?

நாலுவழிச்சாலை
யோசிக்கவே வேண்டாம், சர்வீஸ் சென்டர். இப்ப வர்ற சாவி வெறும் இரும்புத் துண்டு இல்ல. அதுக்குள்ள இம்மொபிலைசர் சிப் இருக்கு, இன்ஜின் கம்ப்யூட்டர் அதை அடையாளம் பார்த்துத்தான் ஸ்டார்ட் ஆக விடும். யாரோ ஒருத்தர் கையில சாவியையும் கொடுத்து அந்த சிப்பையும் படிக்க விட்டா, நாளைக்கு அவர்கிட்ட உங்க வண்டியோட நகல் இருக்காதுன்னு என்ன நிச்சயம்? சேமிக்கிறதுக்கு எவ்வளவோ இடம் இருக்கு, இதுல வேண்டாம்.

பித்தளைவாசம்
நான் இந்தத் தொழில்லதான் இருக்கேன், அதனால கொஞ்சம் சூடாவே சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. சர்வீஸ் சென்டர்ல என்ன மந்திரமா போடுறாங்க? சேசிஸ் நம்பரை வச்சு கம்பெனிக்கு எழுதுவாங்க, வெட்டின சாவி பார்சல்ல வரும். ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியோட கம்ப்யூட்டரைப் படிக்கிறதுக்குன்னு இருக்கிற ஓபிடி சாக்கெட்ல மெஷினை மாட்டி, புது சாவியைச் சேர்ப்பாங்க. முடிஞ்சது. அதே சாக்கெட்ல மாட்டுற மெஷின் எங்ககிட்டயும் இருக்கு. சாவி வெட்டுறதுல பார்த்தா பல இடத்துல எங்க கை இன்னும் சுத்தம்.

இதைக் கேட்டுக்கோங்க வழிப்போக்கன் சார். உங்ககிட்ட மிச்சம் இருக்கிற சாவி தேஞ்ச சாவியா இருந்தா, அதைப் பார்த்து அப்படியே வெட்டுற கடைக்குப் போகாதீங்க. தேஞ்சதை நகலெடுத்தா தேய்மானமும் சேர்ந்துதான் வரும். கார் பூட்டுக்குள்ள தகடு தகடா வேஃபர் இருக்கும், ஒவ்வொண்ணும் சரியான உயரத்துல நிக்கணும். கொஞ்சம் பிசகினாலும் முதல்ல திரும்பும், அப்புறம் சிக்கும், ஒருநாள் உள்ளேயே முறியும். சாவி கோடு (code), அதாவது வெட்டு அளவைச் சொல்ற ரகசிய எண், அதை வச்சு ஃபேக்டரி அளவுல வெட்டச் சொல்லுங்க. அந்தக் கோடு வண்டி புதுசா வாங்கும்போது சாவியோட வந்த சின்னத் தகட்டுல இருக்கும். பெரும்பாலும் முதல் ஓனரே அதைத் தூக்கி எறிஞ்சிருப்பார், அது வேற கதை.

ஓம்விதி
எல்லோரும் கடையைப் பற்றியே பேசுகிறீர்கள். கேள்வியிலேயே ஒரு துப்பு கிடக்கிறது: "வண்டி எதுக்கு?"

வண்டியே இல்லாமல் ஸ்டார்ட் ஆகும் சாவி செய்ய முடிகிறதென்றால் அது குளோன். இருக்கிற சாவியின் சிப்பில் உள்ள அடையாளத்தை அப்படியே இன்னொரு சிப்பில் எழுதுகிறார்கள். காரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே சாவி. மாறாக, வண்டியில் மெஷினை மாட்டிப் புரோகிராம் செய்தால், புதிய சிப் தன் சொந்த அடையாளத்தோடு காரின் நினைவகத்தில் தனிச் சாவியாகப் பதிவாகும்.

வேலை செய்யும்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தொலைந்தால்தான் தெரியும். தனியாகப் பதிவான சாவி தொலைந்தால் அதை மட்டும் காரின் நினைவிலிருந்து நீக்கலாம். குளோன் தொலைந்தால் அதை நீக்கும்போது மூலச் சாவியும் சேர்ந்து செத்துவிடும்.

அதைவிட முக்கியம், குளோன் போடுகிறவர் உங்கள் காரைத் தொடவே இல்லை. அப்படியானால் பையோடு போன அந்தச் சாவி இப்போதும் காருக்குச் செல்லுபடியாகும் சாவிதான். எடுத்தவர் வந்து திறந்து, ஸ்டார்ட் பண்ணி ஓட்டிக்கொண்டு போகலாம்.

பித்தளைவாசம்
ஓம்விதி சொல்றது சரி, ஆனா குளோனே திருட்டு வேலைங்கிற மாதிரி படிக்கிறவங்க எடுத்துக்கக் கூடாது. சாவி தொலையறது வேற, பழுதாகறது வேற. என்கிட்ட வர்றதுல கணிசமானது பழுதான கேஸ்தான். ஓடு உடைஞ்சது, பட்டன் அமுங்கிப் போனது, துணியோட வாஷிங் மெஷின்ல போனது. தொலையாத சாவிக்கு எதை அழிக்கணும்? சாவி கையிலதானே இருக்கு.

பட்டன் வேலை செய்யலைன்னா முதல்ல பேட்டரி. மூணு வோல்ட் காசு செல், நிறைய சாவியில சிஆர்2032. அதுவும் இல்லைன்னா உள்ளே இருக்கிற குட்டி ஸ்விட்ச் தேஞ்சிருக்கும், புதுசு வச்சு சால்டர் பண்ணிடலாம். முழு சாவியை மாத்தச் சொல்ற எந்த இடத்துலயும் இதைச் சொல்ல மாட்டாங்க.

நாலுவழிச்சாலை
அதெல்லாம் சரி. பேட்டரி தீர்ந்தா வண்டி ஸ்டார்ட் ஆகாதுன்னு பயந்து புது சாவி வாங்கினவங்களை நானும் பார்த்திருக்கேன்.

ஓம்விதி
அந்தப் பயம் வரக் காரணம், ஒரே ஓட்டுக்குள் இரண்டு தனித்தனி ரேடியோ இருப்பது. கதவைத் திறக்கும் ரிமோட்டுக்குத்தான் பேட்டரி வேண்டும். அது 433 மெகாஹெர்ட்ஸிலோ, சில நாடுகளில் 315 மெகாஹெர்ட்ஸிலோ பேசும். இம்மொபிலைசர் சிப்புக்குப் பேட்டரியே கிடையாது. இக்னிஷன் துவாரத்தைச் சுற்றி ஒரு காயில் இருக்கிறது. அது 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் காந்தப்புலம் எழுப்பும். சிப் அதிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு பதில் சொல்லும். பட்டன் முழுக்கச் செத்த சாவியும் வண்டியை ஸ்டார்ட் செய்யும்.

வாஷிங் மெஷினில் போன சாவியிலும் அநேகமாகச் சிப் பிழைத்துவிடும், ரிமோட் பலகைதான் அடிபடும். உடனே செல்லைக் கழற்றிவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பிறகு பாருங்கள். ஈரத்தோடு அமுக்கி அமுக்கிப் பார்ப்பதுதான் அதைக் கொல்கிறது.

சும்மா_சொல்றேன்
இவ்வளவு எதுக்கு? ஓடு மாத்தும்போது பழைய சாவியோட சிப்பை எடுத்து ஸ்டீயரிங் கவருக்குள்ள காயில் பக்கத்துல டேப் போட்டு ஒட்டிடுங்க. அப்புறம் சிப் இல்லாத சாதா சாவி எத்தனை வேணும்னாலும் வெட்டிக்கலாம். எங்க மெக்கானிக் பண்ணித் தந்தார், ஜம்முனு ஓடுது.

பித்தளைவாசம்
தம்பி, அந்த மெக்கானிக்கை இனிமே வண்டிப் பக்கம் விடாதீங்க. இப்ப உங்க கார்ல இம்மொபிலைசர் இல்லைன்னே வச்சுக்கலாம்.

ஓம்விதி
இம்மொபிலைசர் இல்லாத கார் என்ன பாடுபடும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. அங்கே அது சட்டப்படி கட்டாயமில்லாததால், ஹூண்டாய், கியா நிறுவனங்கள் சாவி திருப்பும் பல மாடல்களை அது இல்லாமலே விற்றன. 2021 வாக்கில் அதைச் சுலபமாகத் திருடும் வீடியோக்கள் பரவின. கவரைக் கழற்றி, இக்னிஷனைப் பெயர்த்து, யூஎஸ்பி முனையால் திருப்பினால் வண்டி ஓடியது. 2023இல் மென்பொருள் மாற்றம் கொடுக்க வேண்டி வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் புதுக் கார்களுக்கு 1998லேயே இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். நீங்கள் டேப் போட்டு அதைச் சும்மாவாக்கி வைத்திருக்கிறீர்கள்.

நாலுவழிச்சாலை
அதான் நான் முதல்லயே சொன்னது. இந்த மெஷின், கோடு, சிப் எல்லாம் கண்டவங்க கையில இருக்கவே கூடாது. கம்பெனியோட மட்டும் இருந்தா இந்தத் தொல்லை வருமா?

ஓம்விதி
வரும். கம்பெனிகள் ரகசியமாக வைத்திருந்தபோதே வந்தது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் 40 பிட் ரகசிய எண் கொண்ட இம்மொபிலைசர் சிப்பை 2005இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆர்எஸ்ஏ ஆய்வகத்தாரும் உடைத்துக் காட்டினார்கள். மெகாமோஸ் கிரிப்டோ என்ற இன்னொரு இம்மொபிலைசர் சிப்பின் ஓட்டையைக் கண்டுபிடித்த ஆய்வாளர்கள் 2012லேயே தயாரிப்பாளரிடம் சொன்னார்கள். அடுத்த ஆண்டு, அந்தச் சிப்பைத் தன் கார்களில் வைத்திருந்த ஃபோக்ஸ்வேகன், அவர்கள் கட்டுரைக்கு லண்டன் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. கட்டுரை 2015இல்தான் வெளியானது, அதுவும் ஒரு வாக்கியத்தை நீக்கிவிட்டு. அந்த இடைக்காலத்தில் ஓட்டை அடைபட்டதா? ஓடிக்கொண்டிருந்த கார்கள் அதே சிப்போடுதான் ஓடின.

நாலுவழிச்சாலை
ஆய்வாளர் உடைக்கிறது வேற, தெருமுனையில மெஷின் வச்சிருக்கிறது வேற. ஆராய்ச்சிக் கூடத்துல யாரும் என் வண்டியைத் திருடப் போறதில்ல. நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணு: சாவி போடச் சொல்லி வர்றவன் வண்டிக்காரன்தானான்னு யார் பார்க்கிறா? சர்வீஸ் சென்டர் பேப்பர் கேட்குது. வழிப்போக்கன் போன கடையில எதையாவது கேட்டாங்களா?

வழிப்போக்கன்
இல்லைங்க. பேப்பர் பத்திப் பேச்சே வரல.

பித்தளைவாசம்
இந்த இடத்துல நாலுவழி சொல்றதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன், ஏன்னா அது நியாயம். பேப்பரும் அடையாள அட்டையும் கேட்காத கடை எங்க தொழிலுக்கே கெட்ட பேர். ஆனா அதுக்கு வழி, எல்லாத்தையும் கம்பெனிகிட்ட பூட்டி வைக்கிறது இல்ல. அமெரிக்காவுல நாஸ்டஃப்னு ஒரு அமைப்பு இருக்கு. அதுல பதிவு பண்ணின பூட்டுத் தொழிலாளி, வண்டி யாருதுன்னு சரிபார்த்த பிறகு கம்பெனிகிட்டேருந்தே சாவி கோடு வாங்கலாம். யார் எப்போ எந்த வண்டிக்குக் கேட்டாங்கன்னு பதிவும் இருக்கும். ஐரோப்பாவுலயும் செர்மின்னு இதே மாதிரி ஒண்ணு. எங்களுக்கும் அப்படிக் கொடுங்கன்னுதான் கேட்கிறோம்.

நடுராத்திரி எல்லாச் சாவியும் போயி நிக்கிறவங்க முதல்ல எங்களைத்தான் கூப்பிடுறாங்க. ஷோரூமுக்குப் போகணும்னா வண்டியைத் தூக்கிட்டுத்தான் போகணும். அதுவும் ஒரு சாவிகூட இல்லைன்னா வேலை பல மடங்கு. சில வண்டியில இம்மொபிலைசர் பெட்டியைக் கழற்றி மெமரியைப் படிக்க வேண்டி வரும். அதனாலதான் கடைசிச் சாவி இருக்கும்போதே வாங்கன்னு கெஞ்சுறோம்.

மழைக்காலம்
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சிப்பை அழிப்பது பற்றியே பேசுகிறீர்கள். அழித்தாலும் தொலைந்த சாவியின் இரும்புத் துண்டு அதே கதவைத் திறக்கும்தானே? சர்வீஸ் சென்டர் லாக் செட் மாற்றச் சொல்வதை எல்லோரும் பணம் பிடுங்கும் வேலை என்றே எடுத்துக்கொண்டீர்கள். வழிப்போக்கன், பைக்குள் வேறு என்ன இருந்தது?

வழிப்போக்கன்
வண்டிப் பேப்பரோட ஜெராக்ஸ். வீட்டு விலாசம் அதுல இருக்கு.

மழைக்காலம்
அப்படியென்றால் நீங்கள் தொலைத்தது சாவியை மட்டும் அல்ல. எந்த வண்டி, எங்கே நிற்கும் என்பதையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறீர்கள். ஆற்றில் விழுந்த சாவிக்கு லாக் செட் வீண்செலவு. இதற்கு இல்லை. சிப் அழிந்தால் வண்டி போகாது, ஆனால் உள்ளே இருக்கும் பொருள் போகும்.

பித்தளைவாசம்
ஒத்துக்கிறேன், விலாசம் போயிருந்தா பூட்டையும் கவனிக்கணும். ஆனா முழு செட் வாங்கணும்னு இல்ல. பல வண்டியில பூட்டைக் கழற்றி வேஃபரை இடம் மாத்தி வேற சாவிக்குப் பொருத்தலாம். கதவு, டிக்கி, இக்னிஷன் மூணையும் சேர்த்துப் பண்ணிட்டா ஒரே சாவி போதும். கதவை மட்டும் மாத்தினா ரெண்டு சாவியோட அலையணும்.

ஓம்விதி
வழிப்போக்கன், ஒன்று கேட்க மறந்துவிட்டோம். வாங்கும்போது இரண்டு சாவி கொடுத்தார்கள் என்றீர்கள். காரில் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று பார்த்தீர்களா? நிறைய கார்களில் மெஷினை மாட்டினால் அந்த எண்ணிக்கை தெரியும். சர்வீஸ் சென்டரோ வெளி ஆளோ, முதலில் அதைப் படிக்கச் சொல்லுங்கள்.

வழிப்போக்கன்
மெஷினோட வீட்டுக்கே வர்ற இன்னொரு சாவிக்காரரைப் பிடிச்சேன். அவர் முதல்ல பேப்பர் கேட்டார், அதுவே நிம்மதியா இருந்தது. மெஷின்ல பார்த்தா மூணு சாவின்னு காட்டுது.

நாலுவழிச்சாலை
மூணா? அப்ப மூணாவது யார்கிட்ட?

வழிப்போக்கன்
பழைய ஓனருக்குப் போன் பண்ணினேன். அவருக்கே நினைவில்ல. டிரைவர்கிட்ட ஒண்ணு இருந்திருக்கலாம்ங்கிறார்.

பித்தளைவாசம்
எல்லாத்தையும் ஒரேயடியா அழிச்சிட்டு, கையில இருக்கிறதையும் புதுசையும் மட்டும் திரும்பச் சேர்க்கச் சொல்லுங்க. சர்வீஸ் சென்டர்ல "மீதி இருக்கிற சாவியையும் கொண்டு வாங்க"ன்னது இதுக்குத்தான். சேர்க்கும்போது கையில இல்லாத சாவி வெளியே போயிடும்.

நாலுவழிச்சாலை
செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கினா முதல் வேலையா இதைப் பண்ணணும்னு இப்பதான் தோணுது. ஆனாலும் நானா இருந்தா சர்வீஸ் சென்டர்லதான் பண்ணுவேன். பில் இருக்கும்.

பித்தளைவாசம்
நானும் பில் தர்றேன் சார்.

வழிப்போக்கன்
அழிச்சுச் சேர்த்தாச்சு. இப்ப ரெண்டுன்னு காட்டுது. பூட்டுக்கு வேஃபர் மாத்த நாளைக்கு வர்றாராம். தேஞ்ச சாவியைப் பார்த்து வெட்டாம கோடு வச்சு வெட்டச் சொல்லியிருக்கேன்.

சும்மா_சொல்றேன்
அண்ணே, டேப் போட்ட சிப்பை எடுத்துத் திரும்ப சாவிக்குள்ள வைக்க முடியுமா? வெறும் கண்ணாடிக் குழாய் மாதிரி இருக்கு.

பித்தளைவாசம்
முடியும். நகம் படாம, நெம்பாம எடுங்க, கீறல் விழுந்தா போச்சு. மிச்சம் அடிச்ச சாதா சாவிகளை யார் யார்கிட்ட கொடுத்தீங்களோ, அதையும் திரும்ப வாங்கிடுங்க.