தனியாக நிகழ்ச்சிப் படம் எடுப்பவர் ரா கோப்புகளை எப்படிப் பாதுகாப்பது?

கேள்வி – வெளிச்சக்கீற்று

வணக்கம். உதவியாளர் இல்லாமல் ஃப்ரீலான்ஸாக நிகழ்ச்சிகளுக்குப் படம் எடுக்கிறேன். இரண்டு கேமரா, ஒரு லேப்டாப், ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். ஒரு வேலைக்கு ஏறக்குறைய 2,000 ஃப்ரேம், எல்லாம் ரா (சென்சார் பதிந்ததைக் கேமரா பதப்படுத்தாமல் வைக்கும் கோப்பு). இப்போது டிஸ்க்கில் காப்பி போட்டதும் அடுத்த வேலைக்காகக் கார்டை ஃபார்மேட் செய்கிறேன். அடுத்தடுத்த நாட்களில் வேலை வரும்போது இது போதாது என்று படுகிறது. கார்டிலிருந்து வாடிக்கையாளர் கைக்குப் போகும்வரை என்ன வரிசை? கார்டை எப்போது அழிக்கலாம்? டெலிவரிக்குப் பிறகு ராவை எவ்வளவு காலம் வைத்திருப்பது?

பதில் 1 – எஃப் எட்டு

முதலில் கேமரா மெனுவைப் பாருங்கள். இரண்டு கார்டு ஸ்லாட் இருந்தால் அது ‘பேக்கப்’ முறையில், அதாவது ஒவ்வொரு படமும் இரண்டு கார்டிலும் எழுதப்படும்படி இருக்க வேண்டும். ‘ஓவர்ஃப்ளோ’வில் இருந்தால் முதல் கார்டு நிறைந்த பிறகுதான் இரண்டாவதில் எழுதும். இரண்டு கார்டு போட்டிருந்தும் கையில் இருப்பது ஒரே பிரதிதான்.

பேக்கப் முறையில் இரண்டு கார்டும் ஒரே வேகத்தில் இருக்கட்டும். பஃபர் (கார்டில் எழுதும்வரை படங்கள் காத்திருக்கும் கேமரா நினைவகம்) மெதுவான கார்டின் வேகத்தில்தான் காலியாகும். கார்டில் அச்சிட்ட வேகக் குறியில் வி30 என்றால் தொடர்ந்து எழுதும்போது நொடிக்குக் குறைந்தது 30 எம்பி, வி60 என்றால் 60 எம்பி. ஒன்றில் வி60, மற்றதில் பழைய கார்டு என்று போட்டால் தொடர் ஷாட்டின் நடுவே கேமரா திணறும். பலர் அப்போது கேமராவைச் சந்தேகப்பட்டு சர்வீஸுக்குக் கொண்டு போவார்கள்.

24 மெகாபிக்சலில் ஒரு லாஸ்லெஸ் (தரம் இழக்காமல் சுருக்கிய) ரா 25 முதல் 30 எம்பி வரும். 2,000 ஃப்ரேமும் ஒரே கேமராவில் விழுந்தால் 50–60 ஜிபி. 64 ஜிபி கார்டு விளிம்பில் நிற்கும், 128 போடுங்கள்.

சிவப்பு விளக்கு எரியும்போது கார்டை உருவுவது, பேட்டரி கதவைத் திறப்பது, இந்த இரண்டிலும் கோப்பு அட்டவணை (எந்தப் படம் கார்டில் எங்கே என்ற குறிப்பு) கெடக்கூடும். எஸ்டி கார்டின் பூட்டுப் பொத்தான் தளர்ந்தாலோ, பின்பக்கத் தகடுகளுக்கு இடையில் உள்ள பிளாஸ்டிக் கீற்று உடைந்தாலோ, அந்தக் கார்டை அன்றே ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொன்று: வேலை தொடங்கும் முன் செல்போனில் நொடி காட்டும் கடிகாரத்தை இரண்டு கேமராவாலும் ஒவ்வொரு படம் எடுத்து வையுங்கள். நேர வித்தியாசம் இருந்தால் லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் ஒரு கேமராவின் படங்களின் நேரத்தை மொத்தமாக நகர்த்திவிடலாம்.

பதில் 2 – கோப்புக்காரர்

‘காப்பி முடிந்தது’ என்று திரையில் வந்தாலும், எழுதியது மூலத்தோடு பொருந்துகிறதா என்று விண்டோஸின் எக்ஸ்ப்ளோரரும் மேக்கின் ஃபைண்டரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெரிஃபை (நகலைச் சரிபார்க்கும்) வசதியுள்ள டெராகாப்பி போன்ற மென்பொருளில் போடுங்கள். நொடிக்கு 90 எம்பி படிக்கும் கார்டில் 60 ஜிபி நகல் எடுக்க 11 நிமிடம். சரிபார்க்க மேலும் ஏறக்குறைய அதே நேரம். அந்த நேரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

வரிசை இது. கார்டிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு நகல். வெளி டிஸ்க்குக்கான நகலையும் கார்டிலிருந்தே எடுங்கள்; லேப்டாப் நகலிலிருந்து எடுத்தால் அதில் இருக்கும் பிழையும் சேர்ந்தே போகும். பிறகு லைட்ரூமில் 1:1 ப்ரிவ்யூ (முழு அளவு முன்காட்சி) உருவாக்க விடுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள். சிறுபடமாகத் தெரிவது ராவுக்குள் பொதிந்திருக்கும் ஜேபெக். ரா பாதி சிதைந்திருந்தாலும் அது அழகாகத்தான் தெரியும். முழுதாகத் திறக்கும்போதுதான் சாம்பல் பட்டையும் இளஞ்சிவப்புக் கோடும் வெளியே வரும்.

இம்போர்ட்டின்போதே தேதி, வேலையின் பெயர், கேமரா எழுத்து, வரிசை எண் என்று பெயர் மாற்றுங்கள். கேமராவின் எண் 9999 தாண்டியதும் 0001க்குத் திரும்பும். ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு கோப்பு வந்தால் ஒன்று மற்றதன்மேல் எழுதப்பட்டு அழியலாம்.

மூன்றாவது நகல் வேறு இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஃபார்மேட், அதுவும் கேமராவில். அடுத்த நாளே வேலை என்றால் வேறு கார்டு செட் எடுத்துப் போங்கள். கூடுதல் லென்ஸுக்கு முன்னால் கூடுதல் கார்டுகள் வாங்கச் சொல்வேன்.

பதில் 3 – இருட்டறை

மூன்றாவது நகல் ஏன் வேறு இடத்தில் என்று சொல்கிறேன். வெளி டிஸ்க் லேப்டாப் பையிலேயே இருந்தால் பை தொலையும்போது இரண்டும் போகும். பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பரவலாக்கிய 3-2-1 விதி இதற்குத்தான்: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில்.

கிளவுட் ‘சிங்க்’கை (கணினி ஃபோல்டரை இணையச் சேமிப்போடு ஒரேபோல் வைத்திருப்பதை) மட்டும் பேக்கப்பாக எண்ணாதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். ஒரே தரவை இரண்டு டிஸ்க்கில் எழுதும் ரெய்டு அமைப்பும் அப்படித்தான்: ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும், கைதவறி அழித்ததைத் திருப்பித் தராது. மாதக்கணக்கில் மின்சாரம் காட்டாமல் அலமாரியில் வைக்கப் போகிறீர்கள் என்றால் எஸ்எஸ்டியை விட ஹார்ட் டிஸ்க்கை நம்பலாம்.

லைட்ரூம் கேட்டலாகை (அதன் தரவுத்தளக் கோப்பை) மறந்துவிடுகிறார்கள். நீங்கள் செய்யும் திருத்தம் எல்லாம் அதில்தான் இருக்கிறது, ராவில் இல்லை. தினமும் அதையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். திருத்தங்களை ராவின் பக்கத்திலேயே தனியாகச் சேமிக்கும் எக்ஸ்எம்பி கோப்பு எழுதும் அமைப்பையும் இயக்குங்கள்.

வெளிச்சக்கீற்று

மூவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். கார்டு ‘படிக்க முடியவில்லை’ என்றால் முதலில் என்ன செய்வது? வாடிக்கையாளர் ராவையே கேட்டால்?

பதில் 4 – கோப்புக்காரர்

அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு ஃப்ரேம்கூட எடுக்காதீர்கள். பூட்டுப் பொத்தானைப் பூட்டு நிலைக்குத் தள்ளிவிட்டு, வேறு ரீடரில் போட்டுப் பாருங்கள்; கோளாறு ரீடரிலும் இருக்கலாம். கணினி ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருள் கொண்டு கார்டு முழுவதையும் ஒரே இமேஜ் (அச்சு நகல்) கோப்பாக எடுத்து, மீட்பு முயற்சியை ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளில் அந்த இமேஜின்மேல் செய்யுங்கள். பெயரும் ஃபோல்டரும் திரும்ப வராது, படம் வரும். சாதாரண ஃபார்மேட் அட்டவணையைத்தான் துடைக்கும்; படத் தரவு மேலெழுதப்படும்வரை பெரும்பாலும் கிடக்கும். கணினியில் கார்டு இருப்பதாகவே காட்டவில்லை என்றால் மென்பொருளால் ஆகாது, தரவு மீட்பு நிபுணரிடம் கொடுங்கள்.

பதில் 5 – எஃப் எட்டு

ரா விஷயத்தை வேலை ஒப்புக்கொள்ளும்போதே எழுத்தில் வைத்துவிடுங்கள். திருத்திய படம் குறைந்தது எத்தனை, எந்தத் தேதிக்குள், ரா உண்டா இல்லையா, தேர்வுக்கு எத்தனை சுற்று, மீதிப் பணம் எப்போது, கோப்புகளை எதுவரை வைத்திருப்பீர்கள் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். ‘டெலிவரியிலிருந்து ஓராண்டு, அதன்பின் பொறுப்பில்லை’ என்று ஒரு வரி இருந்தால் பிற்பாடு டிஸ்க் நிறையும்போது எதை அழிக்கலாம் என்று தெரியும். கழித்த ஃப்ரேம்களை முதலில் நீக்குங்கள்; தேர்ந்தெடுத்த ராவையும் முழு அளவு ஜேபெக்கையும் அந்தக் காலம் தாண்டியும் வைத்திருக்கச் சொல்வேன். ஆல்பத்துக்கு ஒரு பக்கம் மாற்ற வேண்டும் என்று தாமதமாக வருபவர்கள் உண்டு.

டெலிவரி ஃபோல்டரை இரண்டாகப் பிரியுங்கள்: பிரிண்ட்டுக்கு முழு அளவு, பகிர்வதற்கு நீளப்பக்கம் 2048 பிக்சல். இரண்டையும் எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அமைப்பில் ஏற்றுமதி செய்யுங்கள். அகலமான நிற அமைப்பான அடோபி ஆர்ஜிபியில் கொடுத்தால் பல செயலிகளில் தோல் நிறம் வெளுத்துத் தெரியும், பழி உங்கள் எடிட்டிங் மேல் வரும்.