கியூஜிஐஎஸ்: வாவிக்கு நீலம் வருகிறது, கடலுக்கு வரவில்லை

வெள்ளவத்தைக் கிறுக்கி: அக்காவின் கலியாணப் பரிசுக்குக் கொழும்பு வீதிகளை வைத்து ஒரு போஸ்டர் செய்கிறேன். கறுப்புப் பின்னணி, பொன்னிற வீதிகள், நீர் எல்லாம் கடும் நீலம். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் செய்கிறேன், தரவு ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தில் எடுத்தது. பேர வாவி அழகாக நீலமாகிவிட்டது, கடல் மட்டும் கறுப்பாகவே கிடக்கிறது. அடுத்தது, எங்கள் வீட்டைச் சுற்றி 800 மீற்றருக்கு ஒரு வட்டம் போடப் பார்த்தேன். சுற்றிவர எல்லை போடும் 'பஃபர்' கருவியில் 800 கொடுத்ததும் திரை முழுவதும் ஒரே நிறம், கொழும்பையே காணோம்! மூன்று இரவாக மினக்கெடுகிறேன்.

கோடும் புள்ளியும்: வட்டத்தை முதலில் பார்ப்போம் தங்கச்சி. 800 எழுதிய பெட்டிக்குப் பக்கத்தில் 'டிகிரீஸ்' என்று இருக்குமே? உங்கள் லேயர் (தரவு அடுக்கு) இபிஎஸ்ஜி 4326 என்ற ஆள்கூற்று முறையில், அதாவது பாகையில் இருக்கிறது. ஒரு பாகையே கிட்டத்தட்ட 111 கிலோமீற்றர். நீங்கள் கேட்டது 800 பாகை, உலகத்தைச் சுற்றி வந்தாலே 360தான். 'ரீப்ரொஜெக்ட் லேயர்' மூலம் மீற்றரில் அளக்கும் இலங்கைக் கட்டமான 5235க்கு மாற்றிவிட்டுப் பஃபர் போடுங்கள். 'செட் லேயர் சிஆர்எஸ்' பக்கம் போகவேண்டாம். அது ஆள்கூற்று முறையின் பெயரை மட்டும்தான் மாற்றும், ஊர் வேறெங்கோ போய் விழும். நான் பட்டவன்.

கடல் விஷயம் உங்கள் பிழையில்லை. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வாவி ஒரு மூடிய உருவம். கடல் அப்படியில்லை, கரையோரக் கோடு மட்டுமே உண்டு. கோட்டின் இடப்பக்கம் நிலம், வலப்பக்கம் நீர் என்பது அங்குள்ள வழக்கம். கோட்டுக்குள் எப்படி நிறம் நிரப்புவது?

வெள்ளவத்தைக் கிறுக்கி: வட்டம் சரி அண்ணா! கடலுக்கு நேச்சுரல் எர்த் என்ற இலவச உலக வரைபடத் தரவின் கோப்பைப் போட்டேன். துறைமுக நகரம் முழுவதும் கடலுக்குள் போய்விட்டது.

கோடும் புள்ளியும்: அது 1:1,00,00,000 அளவுக்குச் செய்தது, உலகப் படத்துக்குத்தான் சரி. ஓஎஸ்எம்டேட்டா தளத்தில் 'வாட்டர் பாலிகன்ஸ்' (மூடிய நீர் உருவங்கள்) எடுங்கள், அந்தக் கரையோரக் கோட்டிலிருந்தே செய்தது. துண்டு துண்டாக இருக்கும், ஓரக்கோட்டை 'நோ பென்' ஆக்குங்கள். இல்லாவிட்டால் கடலில் கட்டம் கட்டமாகக் கோடு தெரியும்.

மை தீர்ந்தவர்: மூலையில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள் என்று சின்னதாகப் போட மறக்கவேண்டாம். உரிமத்தில் கேட்டிருக்கிறார்கள்.

வெள்ளவத்தைக் கிறுக்கி: போட்டாயிற்று. கடலும் வந்துவிட்டது! ரயில் பாதை மட்டும் நீலத்தோடு ஒட்டிக்கொண்டு தெரிகிறது. திருத்தலாம் என்று பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். வெள்ளவத்தையில் அது அப்படித்தானே இருக்கிறது.