தம்பியின் முதுகுத் தழும்புகளை மேன்முறையீட்டில் நிரூபிப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். இலங்கையில் தடுப்புக்காவலில் இருந்தபோது என் தம்பியின் முதுகில் காய்ச்சிய இரும்புக் கம்பியால் சுட்டார்கள். பிரித்தானியாவில் அவன் கோரிய தஞ்சம் நிராகரிக்கப்பட்டுவிட்டது. தழும்புகள் இருப்பதை ஏற்றுக்கொண்ட அதிகாரிகள், தஞ்சம் பெறுவதற்காக அவனே யாரையாவது கொண்டு சுடுவித்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அக்கடிதத்தை வாசித்த நாளிலிருந்து அவன் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. இதை எப்படி மறுப்பது?

பதில் 1:
இதே சந்தேகத்தை எதிர்கொண்ட இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2019 மார்ச்சில் தீர்ப்பளித்தது. தன் உடலில் இவ்வாறு காயப்படுத்தச் சம்மதிப்பவர்கள் மிகமிக அரிது என்பதற்குக் கணிசமான மதிப்பளிக்க வேண்டும் என்று நீதிபதி வில்சன் பிரபு அதில் எழுதினார். தழும்பு எதனால் வந்தது என்பதை மட்டுமல்லாமல், தஞ்சம் கோருபவர் விவரிக்கும் சூழ்நிலையில் அது ஏற்பட்டிருக்குமா என்பதையும் மருத்துவர் கூறலாம் என்று அத்தீர்ப்பு தெளிவாக்கியது. ஆகவே, சித்திரவதைக் காயங்களை ஆராய்ந்து பதிவு செய்வதற்கான ஐ.நா. வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறையில் பயிற்சி பெற்ற மருத்துவரிடம் அறிக்கை பெறுங்கள். அதில், தழும்பு சொல்லப்படும் காரணத்துடன் 'ஒத்துப்போகிறது' என்பதும் 'மிகவும் ஒத்துப்போகிறது' என்பதும் வேறு வேறு படிகள். இரண்டாவதற்கு, வேறு காரணங்கள் மிகச் சிலவே இருக்க முடியும் என்பது பொருள். அந்த ஒரு சொல்லில் வழக்கே தங்கியிருக்கலாம்.

பதில் 2:
முதலில் கதையை நம்ப மறுத்துவிட்டு, அதன் பிறகு மருத்துவ அறிக்கையை ஒதுக்குவது தவறு என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் மிபங்கா வழக்கில் கூறியிருப்பதையும் உங்கள் சட்டத்தரணி எடுத்துரைக்க வேண்டும். 2022 ஜூன் 28 முதல் தஞ்சம் கோரியவர்கள், தாம் உண்மையாகவே அஞ்சுவதை முன்னரைவிடக் கூடுதலான அளவில், அதாவது பொய்யாக இருப்பதைவிட உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவில் நிறுவ வேண்டியிருப்பதால், மருத்துவ அறிக்கையின் தேவை இப்போது இன்னும் பெரியது. மேன்முறையீடு செய்வதற்கான தவணை 14 நாட்களே. அறிக்கைக்காகக் காத்திராமல் மேன்முறையீட்டைப் பதிவு செய்துவிடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இன்றே சட்டத்தரணியிடம் பேசுகிறேன். சிறு வயதில் சைக்கிளில் இருந்து விழுந்த தழும்பும் தம்பியின் முழங்காலில் உண்டு. அதை மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது நல்லதா?

பதில் 1:
கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். சித்திரவதையால் வராத தழும்பை உங்கள் தம்பியே பிரித்துக் காட்டினார் என்று மருத்துவர் பதிவு செய்தால், முதுகைப் பற்றி அவர் சொல்வதற்கும் அது வலுச் சேர்க்கும்.