உசிலம்பட்டியிலிருந்து அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்துச் சிற்றூருக்குப் போயிருக்கும் தம்பிக்கு

ஊரில் டாக்டரே இல்லை, கிளினிக்கில் ஒரு பி.ஏ. (பிஸிஷியன் அசிஸ்டென்ட்) தான் இருக்கிறார், இரண்டு மணி நேரம் காரோட்டி விச்சிட்டா நகரத்துக்குப் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் அவ்வளவு தூரம் போக வேண்டாம் தம்பி. நானும் திருமங்கலத்துக்காரன்தான். அந்த மாநிலத்தில் பல வருடம் குப்பை கொட்டிவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டேன்.

பிஸிஷியன் அசிஸ்டென்ட் என்பவர் ஒரு பட்டம் முடித்த பிறகு, ஏறக்குறைய 27 மாதம் மருத்துவம் படித்தவர். அதில் 2,000 மணி நேரம் நோயாளிகளுக்கு நடுவிலேயே கழியும். டாக்டர் பற்றாக்குறையைச் சமாளிக்க டியூக் பல்கலைக்கழகம் 1965-ல் தொடங்கிய படிப்பு இது. முதலில் சேர்ந்தவர்கள் கடற்படையில் மருத்துவப் பணி செய்தவர்கள். நோயைக் கண்டறிவார், ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் எழுதுவார், மருந்தும் எழுதிக் கொடுப்பார். தன் கைக்கு மீறியதை டாக்டரிடம் அனுப்புவார். நம்மூர் அரவிந்த் கண் மருத்துவமனையில் சிஸ்டர்களே பெரும்பாலான பரிசோதனைகளை முடித்துவிட, டாக்டர் பிறகுதான் வருகிறார். அங்கே நாம் யாரும் முகம் சுளித்ததில்லை. கேன்சஸ் பி.ஏ.வின் பொறுப்பு அதைவிடவும் பெரியது.

(மதுரைப் பக்கம் பி.எஸ்சி. பிஸிஷியன் அசிஸ்டென்ட் முடித்த பிள்ளைகள் இதைப் படித்துவிட்டுப் பெட்டி கட்ட வேண்டாம். அங்கே உரிமம் பெற அமெரிக்க அங்கீகாரமுள்ள படிப்பையே படித்திருக்க வேண்டும்.)

தேடும் விதம் இதுதான். 'ரூரல் ஹெல்த் கிளினிக்' என்ற தகுதி பெற்ற இடம் பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1977-ல் வந்த அமெரிக்க மத்தியச் சட்டத்தின் கீழ் நடப்பவை இவை. திறந்திருக்கும் நேரத்தில் பாதிக்குக் குறையாமல் ஒரு பி.ஏ.வோ, நர்ஸ் பிராக்டிஷனரோ (மேற்படிப்பு முடித்துத் தாமே சிகிச்சை தரும் நர்ஸ்), பிரசவம் பார்க்கும் நர்ஸ்-மிட்வைஃபோ அங்கே இருந்தாக வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் மத்திய அரசின் மானியம் பெறும் சமுதாய சுகாதார மையத்தைத் தேடலாம். வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைப்பார்கள். பணமில்லை என்று திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

இன்சூரன்ஸ் நிறுவனத்தின் இணையப் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். அது பெரும்பாலும் பழையதாக இருக்கும். கிளினிக்குக்கே ஃபோன் செய்து, புதிய நோயாளிகளைச் சேர்க்கிறீர்களா, என் இன்சூரன்ஸ் பி.ஏ.வைப் பார்ப்பதற்கும் செல்லுமா என்ற இரண்டையும் கேளுங்கள். உரிமத்தை 'போர்டு ஆஃப் ஹீலிங் ஆர்ட்ஸ்' என்ற மாநில வாரியத்தின் தளத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். அவர் எப்படிப்பட்டவர் என்பதை மருந்துக்கடைக்காரரிடம் கேளுங்கள். சின்ன ஊரில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒருமுறை போய்ப் பதிவு செய்துகொள்ளுங்கள். காய்ச்சல் வந்த பிறகு புது நோயாளியாகப் போய் நின்றால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். போகும்போது தடுப்பூசி விவரங்களையும், மதுரை டாக்டர் எழுதிய சீட்டையும் கொண்டுபோங்கள். நம்மூர்ச் சீட்டில் கம்பெனிப் பெயர்தான் இருக்கும். அதனால் யாருக்கும் பயனில்லை. மருந்தின் மூலப்பெயரையும் மில்லிகிராமையும் எழுதி வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். பாராசிட்டமாலை அங்கே அசிட்டமினோஃபென் என்பார்கள். கூரியரில் மாத்திரை வரவழைக்கும் பழக்கம் வேண்டாம், சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும்.

நீங்களாகச் சொல்ல வேண்டியவை இரண்டு. குழந்தையில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பதால், காசநோய்க்குத் தோலில் செய்யும் பரிசோதனை, நோய் இல்லாமலே இருப்பதாகக் காட்டி வீணாகப் பயமுறுத்தக்கூடும். அதற்குப் பதில் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். சர்க்கரை இருக்கிறதா என்று சோதிக்கத் தொடங்கும் அளவாக மற்றவர்களுக்கு உடல் நிறைக் குறியீடு (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ.) 25 என்று வைத்திருக்கிறார்கள். நம்மைப் போன்ற ஆசிய வம்சாவளியினருக்கு 23 போதும் என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் பரிந்துரை. அந்த ஊர் பி.ஏ. தமிழரை அதிகம் பார்த்திருக்க மாட்டார். கூச்சப்படாமல் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் கிளினிக்கைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள்.

ஊரிலிருந்து அம்மா வந்து தங்கும்போது இன்சூரன்ஸுக்கும் மொழிக்கும் என்ன செய்வது என்று மேலூர் அக்கா கேட்டதற்கு: அம்மா வரும்போது வாங்கும் பயண இன்சூரன்ஸ் பழைய வியாதிகளுக்குப் பெரும்பாலும் பணம் தராது. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பகுதியைப் படியுங்கள். மொழி பற்றிக் கவலை வேண்டாம். மத்திய அரசு நிதி வாங்கும் கிளினிக்குகள் இலவசமாக மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்தாக வேண்டும். தமிழுக்கு அநேகமாக ஃபோனில்தான் வருவார். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். அம்மாவுக்குக் காது மந்தம் என்றால் ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள்.