எழுதிக் கொடுத்த பிறகுதான் பள்ளி பதில் சொன்னது: பெற்றோர் அனுபவங்கள்

தனியார் பள்ளி மாணவனின் தாய், கோவை

என் மகன் நான்காம் வகுப்பில் படித்தபோது, அவனுடைய தமிழ் நோட்டில் 'மேகம்' என்ற சொல் ஒரே பக்கத்தில் 'மெகம்', 'மகேம்', 'மேகம' என்று மூன்று விதமாக இருந்தது. மூன்றையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'கவனக்குறைவு, பத்து முறை எழுதவும்' என்று ஆசிரியர் குறித்திருந்தார். அதே பிள்ளையிடம் மேகம் எப்படி உருவாகிறது என்று கேட்டால், நீர் ஆவியாவதில் தொடங்கி மழை பெய்வது வரை தடங்கலின்றிச் சொல்வான்.

கற்றல் குறைபாடு என்று உளவியலாளர் கொடுத்த அறிக்கையுடன் பள்ளி முதல்வரைச் சந்தித்தேன். இங்கே அதற்கெல்லாம் வசதி இல்லை, டி.சி. வாங்கிக்கொண்டு சிறப்புப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள் என்றார். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் கெஞ்சிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிய வகுப்பாசிரியரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்வேன். காலாண்டுத் தேர்வு வருவதற்குள் அவர் மறந்திருப்பார்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்றபோது, பக்கத்தில் நின்ற ஓர் அம்மா, "பள்ளிக்கு மனு எழுதிக் கொடுத்தீர்களா?" என்று கேட்டார். அப்படி ஒன்று எனக்குத் தோன்றியதே இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் கூறும் 21 வகைக் குறைபாடுகளுள் கற்றல் குறைபாடும் ஒன்று என்பதையும், அதன் 16ஆம் பிரிவு அரசின் நிதி பெறும் பள்ளிகளோடு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையும் சேர்த்தே பேசுகிறது என்பதையும், தேர்வில் கூடுதல் நேரமும், மாணவர் சொல்லச் சொல்ல விடையை எழுதுபவரும் 17ஆம் பிரிவிலேயே குறிப்பிடப்பட்டுள்ளன என்பதையும் அன்றிரவுதான் படித்தேன். இரண்டு ஆண்டுகளாக நான் தயவாகக் கேட்டு நின்றதெல்லாம் சட்டத்தில் இருந்தது.

மனுவில் மூன்றே மூன்று கேட்டேன். கரும்பலகையில் இருப்பதை அவன் முழுவதும் பார்த்தெழுத வேண்டியதில்லை. வகுப்புத் தேர்வுகளில் ஒரு பகுதியை வாய்மொழியாக நடத்த வேண்டும். எழுத்துத் தேர்வுக்குக் கூடுதல் நேரம் தர வேண்டும். நகலில் முத்திரையிட அலுவலக எழுத்தர் தயங்கியதால், ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்றாவது வாரம் அழைப்பு வந்தது.

அந்தக் கூட்டத்தில் வகுப்பாசிரியர், தன்னுடைய பி.எட். படிப்பில் இதைப் பற்றி ஒரு மணி நேரம்கூடச் சொல்லித் தரவில்லை என்று கண்கலங்கினார். அவர் மீது எனக்கிருந்த கோபம் அன்றே போய்விட்டது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைப் பொறுத்தவரை, ஒன்பதாம் வகுப்பிலேயே தயாராகிவிடுங்கள். கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்கான விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் அரசுத் தேர்வுகள் துறைக்குச் செல்ல வேண்டும். மொழிப்பாட விலக்கை நாங்கள் கேட்கவில்லை, ஏனெனில் அவனுக்குத் தமிழ் செய்யுள் கேட்கப் பிடிக்கும். சொல்லி எழுத வைப்பதற்கும் பழக்கம் வேண்டும். தொடக்கத்தில் அவன் கணக்கின் விடையை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவான். நாத்தனார் மகள் ஞாயிறுதோறும் வந்து உட்கார்ந்து எழுதித் தந்ததால்தான், ஒவ்வொரு படியையும் நிறுத்திச் சொல்லக் கற்றுக்கொண்டான்.

அரசுப் பள்ளி மாணவியின் தந்தை, விருதுநகர் மாவட்டம்

என் மகளுக்குக் காது கேட்கும் திறன் குறைவு. எங்களை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. ஆனால் வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர் ஒருவரே பல பள்ளிகளுக்குப் போக வேண்டியிருந்ததால், எங்கள் பள்ளிக்கு அவர் எப்போதாவதுதான் வந்தார். தொடக்க வகுப்புகளில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் 10 பேருக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்க வேண்டும் என 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை மனுவில் எழுதினேன். தனியாக அலைவதைக் காட்டிலும் கோரிக்கையைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைப்பது மேல் என்பது என் அனுபவம். கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் என்பதால், தீர்மானம் எளிதில் நிறைவேறிக் குறிப்பேட்டில் ஏறியது.

இப்போது பயிற்றுநர் வாரம் ஒருநாள் வருகிறார். மகள் முதல் பெஞ்சில் உட்காருகிறாள். வகுப்பாசிரியை அவள் பக்கம் முகத்தைத் திருப்பிய பிறகே பேசத் தொடங்குவதால், உதட்டசைவையும் பார்த்துப் புரிந்துகொள்கிறாள். கணக்கு ஆசிரியர் மட்டும் இன்னமும் கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்துகிறார். அடுத்த கூட்டத்தில் அதையும் எழுதிக் கொடுக்க இருக்கிறேன்.