மருந்து, மாத்திரை, டப்பா: கிரிக்கெட்டில் நீங்கள் நேரில் பார்த்தது?

சாட்ஸ்வர்த் வேகம்:
நம்ம தென்னாப்பிரிக்க வேகப்பந்து வீச்சாளர் ரபாடா போதைமருந்துச் சோதனையில் சிக்கிய செய்தி வந்ததிலிருந்து மனசுக்குள் ஒன்று குடைகிறது. எழுதிவிடுகிறேன். எனக்குப் பதினெட்டு வயது, மாகாண அணித் தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. கோச் கார் டிக்கியைத் திறந்து ஒரு வெள்ளை டப்பாவைக் கொடுத்தார். லேபிளை உரித்திருந்தார்கள், பசை மட்டும் அழுக்கேறிக் கறுத்திருந்தது. உள்ளே வீட்டு டீஸ்பூன் ஒன்று கிடந்தது. "என்ன சார் இது?" "பால்ல கலக்கிக் குடிடா, ரக்பி பசங்க எல்லாரும் இதைத்தான் குடிக்கிறாங்க." குடித்தேன், டப்பாவையே காலி செய்தேன். முகத்தில் பரு வந்ததுதான் மிச்சம். தேர்வாகவில்லை, யாரும் சோதிக்கவும் இல்லை. அது என்ன பவுடர் என்று இன்றுவரை தெரியாது.

லெனேசியா மாமா:
2003 உலகக் கோப்பை, ஆஸ்திரேலியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் ஜோகன்னஸ்பர்க் வாண்டரர்ஸ் மைதானத்தில் ஆட்டம். ஆஸ்திரேலியச் சுழல் வீரர் ஷேன் வார்னைப் பார்க்கத்தான் டிக்கெட் வாங்கினோம். அன்றைக்கே அவரை ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று ரேடியோ சொல்கிறது. சோதனையில் சிக்கிவிட்டாராம், சிறுநீர் நிறையப் போக வைக்கும் தண்ணி மாத்திரையாம். பக்கத்தில் இருந்த எங்கள் பெரியப்பா சட்டைப் பையிலிருந்து தன் பிபி மாத்திரை அட்டையை எடுத்து ஆட்டினார். "இதுவும் தண்ணி மாத்திரைதாண்டா, என்னையும் ஊருக்கு அனுப்புவானா?" வரிசையே சிரித்தது. சைமண்ட்ஸ் 143 அடித்தார், சரி, ஆனால் நான் போனது வார்னுக்காக. அம்மா கொடுத்த மாத்திரை என்று பிறகு சொன்னார், அதற்கு ஒரு வருஷம் தடை கொஞ்சம் ஓவர்தான்.

ஃபீனிக்ஸ் அம்மா:
என் மகனுக்குச் சின்னதிலிருந்தே ஆஸ்துமா. ஒரு போட்டியில் சாப்பாட்டு நேரத்தில் "மருந்து டெஸ்ட் பண்ண வந்திருக்காங்க" என்று யாரோ கிளப்பிவிட, இவன் பயந்துபோய் மூச்சுக்கு அடிக்கும் பம்பைச் சாக்ஸுக்குள் ஒளித்துவிட்டான். ஐந்து ஓவர் போட்டான். ஆறாவதில் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தவன் நிமிரவில்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினேன். உதடு நீலம். சாக்ஸிலிருந்து பம்பை நான்தான் உருவினேன். வந்தவர்கள் யார் தெரியுமா? ஸ்கோர்போர்டு ரிப்பேர் செய்ய வந்தவர்கள்.

பழைய அம்பயர்:
மாமா, "அம்மா கொடுத்தது" என்பதை விசாரித்த குழுவே முழுசாக நம்பவில்லை. தண்ணி மாத்திரை எதற்குத் தடை? சிறுநீரை நீர்த்துப்போக வைத்து மற்ற மருந்தை மறைக்கலாம் என்பதற்காக. பெரியப்பா பந்து போடவில்லை, அதுதான் வித்தியாசம்.
அந்த அம்மாவுக்கு: சால்புட்டமால் பம்ப் அளவோடு அடித்தால் குற்றமே இல்லை. ஒரு நாளைக்கு 1600 மைக்ரோகிராம் வரை விதியே அனுமதிக்கிறது. ஆனால் எந்த எட்டு மணி நேரத்திலும் 600ஐத் தாண்டக்கூடாது. பையனிடம் இன்றைக்கே சொல்லுங்கள். இருமல் மருந்துதான் ஆபத்து. 2019இல் இந்தியாவின் பிரித்வி ஷாவுக்கு டெர்புடலின் என்ற தடை செய்த மருந்து கலந்த சிரப்பால் எட்டு மாதம் தடை. தோள்வலிக்கு மூலிகை மருந்து என்று சொன்ன இலங்கையின் தரங்காவுக்கு மூன்று மாதம். மனைவியின் பிபி மாத்திரையை மாற்றிச் சாப்பிட்டேன் என்ற பாகிஸ்தானின் யாசிர் ஷாவுக்கும் மூன்று மாதம். தெரியாமல் சாப்பிட்டேன் என்றால் தண்டனை குறையலாம், குற்றம் இல்லை என்றாகாது. உடம்புக்குள் என்ன போனாலும் ஆடுகிறவன்தான் பொறுப்பு. பவுடர் வாங்கினால் தடை செய்த மருந்து கலக்கவில்லை என்று பேட்ச் வாரியாகச் சோதித்த முத்திரையைப் பாருங்கள், டப்பாவை எறியாதீர்கள், பில்லை வைத்திருங்கள், டாக்டரிடம் முதலிலேயே "நான் லீக் ஆடுகிறேன்" என்று சொல்லுங்கள், கெமிஸ்டிடமும் சொல்லுங்கள். சாட்ஸ்வர்த் தம்பி, நீயும் அன்றைக்கே கோச்சிடம் லேபிளைக் கேட்டிருக்க வேண்டும்.

லெனேசியா மாமா:
அம்பயர் ஐயா, உங்கள் சொந்த அனுபவம் எங்கே?

சாட்ஸ்வர்த் வேகம்:
அண்ணே, நான் அட்வைஸ் கேட்கவில்லை. லேபிளே இல்லை என்றுதானே எழுதினேன். சரி, விடுங்கள். இந்தத் தைப்பூசக் காவடியன்று அந்தக் கோச்சைக் கோவிலில் பார்த்தேன், தலை முழுக்க நரைத்துவிட்டது. இன்றைக்காவது கேட்டுவிடலாம் என்று பக்கத்தில் போனேன். அவர் என் பையன் தோளைத் தட்டி, "நல்ல உயரம்டா, பௌலிங்கா?" என்றார். பையன் வாயைத் திறக்கும் முன், "விக்கெட் கீப்பர், சார்" என்று பொய் சொல்லிவிட்டேன்.