மறு: அஃபிலியேட் – ‘முகவர்’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம். இணையக் கடையின் பொருளைத் தன் தளத்தில் பரிந்துரைத்து, தன் இணைப்பு வழியாக விற்பனை நடந்தால் தரகு பெறுபவரே அஃபிலியேட். அவருக்கும் அந்தத் தொழிலுக்கும் தமிழ்ச்சொல் தேடும் உரையாடலில் வந்த பரிந்துரைகளுக்கு என் பதில்:

> ‘முகவர் சந்தைப்படுத்தல்’ என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் புரியும், புதுச்சொல் எதற்கு?

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். முகவர் என்றால் முதலாளியின் சார்பில் பேசவும் ஒப்பந்தம் செய்யவும் அதிகாரம் பெற்றவர். அவர் கொடுத்த வாக்கு முதலாளியையும் கட்டும். இணையக் கடைகள் அஃபிலியேட்களுடன் போடும் ஒப்பந்தங்களில் ‘நீங்கள் எங்கள் முகவர் அல்லர்’ என்ற வரி வழக்கமாகவே இருக்கும். நாம் முகவர் என்றே பெயர் வைத்துவிட்டால் அந்த வரியைத் தமிழில் எழுத வழியே இல்லை.

‘கூட்டாளி’க்கும் இதே சிக்கல்தான். கூட்டாளிக்கு நட்டத்திலும் பங்கு உண்டு. இவருக்கு விற்பனை நடந்தால் தரகு, அவ்வளவுதான். ‘இணைப்பாளர்’ என்று எழுதினால் கூட்டங்களை ஏற்பாடு செய்பவர் என்று படிப்பார்கள்.

> ஆற்றுப்படை என்ற அருமையான மரபு நமக்கு இருக்கிறதே. ‘ஆற்றுப்படுத்துநர்’ என்று சொன்னால் என்ன?

எனக்கு மிகவும் பிடித்த பரிந்துரை இது. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் பாணனுக்கு வள்ளல் இருக்கும் இடத்துக்கு வழி சொல்கிறான். வழி சொல்லும் வரை பொருத்தம் சரி. ஆனால் அடுத்தவன் நடந்து போய்ப் பெறும் பரிசிலில் அவன் பங்கு கேட்பதில்லை. இங்கே அந்தப் பங்குதான் தொழிலே. தவிர, உளவளத் துறையில் ‘ஆற்றுப்படுத்தல்’ கவுன்சிலிங் என்ற பொருளில் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது.

என் முன்மொழிவு: தரகுப் பரிந்துரையாளர். தொழிலின் பெயர் தரகுப் பரிந்துரை. வெறும் ‘பரிந்துரையாளர்’ போதாதா என்று கேட்பீர்கள். போதாது. ‘இந்தப் பொருள் நல்லது’ என்று ஒருவர் எழுதும்போது அதன் பின்னால் பணம் இருப்பது வாசகருக்குத் தெரிந்தாக வேண்டும். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் இதைத் தெளிவாகவே எதிர்பார்க்கிறது. பரிந்துரைப்பவர் மறைத்தால் கேள்வி கடையின் மீதும் வரலாம். பெயரிலேயே பணம் தெரிந்தால் நல்லது. ‘தரகு’ இழிவான சொல் என்று சிலர் கருதுவதை நான் ஏற்கவில்லை. செய்த வேலைக்கு விற்பனையில் பங்கு, அதில் என்ன இழிவு?

இனி இதைவிட முக்கியமானது: முறைகேடுகளுக்கான சொற்கள். கடை நடத்துபவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது இவைதான்.

முதலில் குக்கீ ஸ்டஃபிங். குக்கீ என்பது, யார் வழியாக வந்தவர் என்பது போன்ற விவரங்களை நினைவில் கொள்ள உலாவியில் வைக்கப்படும் சிறு குறிப்பு. பயனர் எந்த இணைப்பையும் சொடுக்காமலே, அவர் உலாவியில் தரகுப் பரிந்துரையாளர் தன் அடையாளத்தைக் கள்ளத்தனமாக வைத்துவிடுவது. பிறகு அவர் தானாகக் கடைக்குப் போய் வாங்கினாலும் தரகு இவருக்குப் போய்விடும். 2008இல் இணையச் சந்தை நிறுவனமான ஈபே தன் பெரிய தரகுப் பரிந்துரையாளர்கள் மீது இதற்காகவே வழக்குத் தொடர்ந்தது. பிறகு குற்ற வழக்காகவும் மாறி, 2014இல் இருவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. குக்கீக்கு ‘நினைவி’ என்ற சொல் புழக்கத்தில் இருப்பதால் ‘நினைவித் திணிப்பு’ என்கிறேன். ‘செருகல்’ என்றால் குற்றத்தின் வாடை போய்விடுகிறது.

அடுத்தது, கடையின் சொந்தப் பெயரைத் தேடுபவர்களுக்குத் தேடுபொறியில் ஏலம் கேட்டு விளம்பரம் வைத்து அவர்களை இடையில் மறிப்பது. எப்படியும் வரவிருந்த வாடிக்கையாளருக்குக் கடை தரகு கொடுக்கிறது. ‘கடைப்பெயர் ஏலம்’ சரியாக வரும். ஒப்பந்தத்தில் பெயர் சொல்லித் தடுக்க வேண்டிய செயல் என்பதால் இதற்குத் தெளிவான சொல் அவசியம்.

> அட்ரிபியூஷன் = பண்புக்கூறு?

வேண்டாம். அது வேறொரு கருத்து. இங்கே கேள்வி, இந்த விற்பனை யாரால் வந்தது என்பது. ‘உரித்தாக்கம்’ என்கிறேன், கடைசியாகச் சொடுக்கிய இணைப்புக்கே முழுத் தரகையும் தரும் லாஸ்ட் கிளிக் வகைக்குக் ‘கடைசிச் சொடுக்கு உரித்தாக்கம்’. பல வாரம் உழைத்து விமர்சனம் எழுதியவரை விட்டுவிட்டு, பணம் கட்டும் நொடியில் தள்ளுபடிக் குறியீடு காட்டிய உலாவி நீட்சிக்கு (எக்ஸ்டென்ஷன்) முழுத் தரகும் போவது இந்த விதியால்தான். நேர்மையாக எழுதுபவர்கள் சோர்ந்து விலகிப்போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை என்பது என் கருத்து. ஒருவருக்கான தரகைச் சில வாரம் நிறுத்திவைத்து, கடையின் மொத்த விற்பனை குறைகிறதா என்று பார்த்தால் அவர் உண்மையில் ஆள் கொண்டுவருகிறாரா என்பது ஓரளவு தெரியும். இந்தச் சோதனைக்கும் ஒரு சொல் வேண்டும். எனக்கு எதுவும் பிடிபடவில்லை.

அப்புறம், பொருள் திரும்பி வந்தால் தரகை ரத்து செய்வது: ‘தரகு மீட்பு’. திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை தரகைக் கொடுக்காமல் வைத்திருக்கும் காலத்துக்கு ‘காப்புக் காலம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் காப்பீட்டோடு குழம்புமோ என்ற தயக்கம் இருக்கிறது. கணக்கியல் தெரிந்தவர்கள் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?